சம்பந்தி வீட்டு வேலி

அந்த விளையாட்டில் பொழுது விடிவது காலை ஐந்தரை மணிக்கு. ஊரெல்லாம் நள்ளிரவில் தேதி மாறும்போது இதில் மட்டும் ஏன் ஐந்தரை என்று மகளிடம் கேட்டேன். அதன் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுகிறது, அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு ஐந்தரை என்றாள். ஆக எழுபத்தோரு வயதில், ஓய்வுபெற்றுப் பதின்மூன்று வருடம் கழித்து, என்னை லண்டன் ஷிப்டில் போட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது.

ஷிப்ட் என்று சொல்வது பழக்கதோஷம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் முப்பத்துநாலு வருடம் இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை, யார் ஏழு நிமிடம் பிந்தி வந்துவிட்டு வீட்டில் உடம்பு சரியில்லை என்றார், இதெல்லாம் என் இலாகா. எண்ணுவது எனக்குத் தொழிலாக இருந்தது. தொழில் போன பிறகு வியாதி ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) எத்தனை மின்கம்பம் என்று தெரியும். பாடகர் குழுவில் எத்தனை பேர் பாடாமல் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்றும் தெரியும். நாலு பேர்.

இந்த வியாதியால்தான் சம்பந்தி வீட்டோடு மனத்தாங்கல் வந்தது என்பது என் மனைவியின் கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. அவர்கள் பக்கம் முந்நூறு பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் பந்தி நடக்கிற கூடத்தின் வாசலில் நின்று எண்ணினேன். முந்நூற்று எண்பத்தாறு. மூன்றாம் பந்தியில் சோறு பற்றாமல் தட்டியது. ஏன் தட்டியது என்று நாலு பேர் கேட்டார்கள். காரணத்தை எண்ணிக்கையோடு சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

"பந்தியில தல எண்ணுத வீட்டுலயா பொண்ணெடுத்தோம்?" என்றார் சம்பந்தியம்மா. அவர் சத்தம் போட்டே பழகாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கேட்டது.

எண்ணிக்கை சரி. இன்றைக்கும் சொல்கிறேன், சரி.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேரில் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் துணியும் கொண்டுபோனோம். வாங்கிக்கொண்டார், காபி கொடுத்தார், காபியோடு பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் என் பெயரை எடுத்தாலே அத்தை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார், அடுப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், என்று மகள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மாமியார் ஒரு பக்கம் அப்பன் ஒரு பக்கம் என்று இருக்கிற வீட்டில் வாழ்வது அவள்தானே.

அவள்தான் போன வருடம் இந்த விளையாட்டை என் போனில் ஏற்றிவிட்டாள். சம்பந்தியம்மா ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். அவர் கோயிலின் பெண்கள் சங்கத்தில் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். திரையில் பன்னிரண்டு வயலும் ஒரே தெருவாகத் தெரியும். அந்தத் தெருவில், சம்பந்தியம்மாவின் வயலுக்கு இடதுபக்கத்துக் காலி இடத்தில், மகள் என்னைக் குடிவைத்தாள்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஒரு வயல், ஒரு கோழிக்கூடு. தினம் ஒருமுறை திறந்தால் ஒரு குடம் தண்ணீர் தருவார்கள். அந்தக் குடத்தை உங்கள் வயலுக்கு ஊற்ற முடியாது. பக்கத்து வயல்காரருக்குத்தான் கொடுக்க முடியும். அவரும் அதே நாளில் திருப்பிக் கொடுத்தால் இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு பூவேலி வளரும், நாளுக்கு ஒரு விரல் உயரம். யாராவது ஒருநாள் தவறினால் வேலி மொத்தமும் காய்ந்துவிடும். இதைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. ஆனால் நம் ஊர்ச் செய்முறையை எங்கோ பார்த்திருக்கிறான். ஒரு வீட்டு விசேஷத்துக்கு நாம் செய்தால் அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் உறவு இல்லை. அதை அப்படியே குடத்தில் அடைத்து விற்கிறான்.

முதல்நாள் காலையில் திறந்தால் சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு குடம் வந்திருந்தது. எட்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை, இப்போது ஒரு குடம். செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பி அனுப்பினேன்.

அன்றிலிருந்து தினம் ஐந்தரைக்கு எழுந்தேன். மனைவிக்கு அது பெரிய வேடிக்கை.

"அவியளுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்பாள் காபியை வைத்துக்கொண்டே. "நாப்பது வருசத்துல எனக்கு ஒரு செம்பு மொண்டு குடுத்திருப்பியளா?"

"ஒனக்கு வேலி இல்லையே."

"இருந்திருந்தா எப்பவோ தாண்டிப் போயிருப்பேன்."

இதில் சூது எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அது எங்கள் மில் வித்தைதான். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுப்போம். பெயர் வாசித்து, கைதட்டி, மேனேஜர் கையால். அந்த டம்ளருக்காகக் காய்ச்சலோடு வருவார்கள். ஒருவர் காலையில் மாமனாரை அடக்கம் செய்துவிட்டு இரண்டாம் ஷிப்டுக்கு வந்து நின்றார். அவருக்கு டம்ளருக்கு ஐந்து நாள்தான் பாக்கி. எத்தனை மட்டமான டம்ளர் என்று எனக்குத் தெரியும், மொத்தமாக வாங்கிவந்தது நான்தான். வித்தை தெரிந்தவன் வித்தையில் மாட்டமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். முப்பதாம் நாள் திரையில் பட்டாசு வெடித்து ஒரு தங்கப் பூவாளி வந்தது. அதை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல ரசம் வைக்க முடியுமா?" என்றாள்.

நூறாம் நாள் கொண்டைக் கோழி ஒன்று கொடுத்தார்கள். அதற்குத் தீவனம் வைக்க வேண்டும். முட்டையை எடுக்காவிட்டால் கூடு நிறைந்துவிடும், சேவல் கூவும். ஒருநாள் எத்தனை முறை திறக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று. இது அதிகம் என்று பத்தாகக் குறைத்தேன். அந்தப் பத்தும் சேர்ந்து பழைய இருபத்துமூன்றைவிட நீளமாக இருந்தன.

இடையில் ஒரு சம்பவம். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடிகாலையில் முக்கால் மணி நேரம். மனைவி சோழபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். "குழாயப் பாத்துக்கிடுங்க" என்ற ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீர் அனுப்பி, கத்தரிக்காய் பறித்து, முட்டைகளை எண்ணி நிமிர்ந்தபோது குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு டிரம்மும் காலி.

மனைவி வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குளிக்கணும். ஒங்க செல்லுல இருந்து நாலு குடம் எறக்குங்க."

பக்கத்து வீட்டில் போர்வெல் தண்ணீர் வாங்கினோம். எட்டுக் குடத்தையும் நான்தான் தூக்கினேன். அவள் வாசலில் நின்று எண்ணினாள்.

அதையும் தாங்கியிருப்பாள். பெரிய வெள்ளிக்கிழமைதான் காரியத்தைக் கெடுத்தது. மும்மணி ஆராதனை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. வெளியே வெயில், உள்ளே ஒன்பது மின்விசிறி, அதில் இரண்டு ஓடவில்லை. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜனங்கள் தலைகுனிந்திருக்கிறார்கள். போதகரின் வாசிப்பு, ராத்திரியில் தீ மூட்டிக் குளிர்காய்கிற அந்த முற்றத்துக்கு, சேவல் கூவுமுன் சீடன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்கிற இடத்துக்கு, வந்துவிட்டது. சேவல் கூவ வேண்டிய இடத்துக்கு இன்னும் நாலு வசனம் இருக்கிறது. என் சட்டைப் பையில் சேவல் கூவியது.

ஒருமுறை கூவினால் விடாது. திரையைத் தொடுகிறவரை கூவும். நான் பையில் கைவிட்டுத் துழாவி அதைப் பிடிப்பதற்குள் மூன்று ஆகிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா அதை ஆராதனைக்கென்று ஏற்பாடு செய்தது என்று நினைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடகர் குழுவில் வாய் மட்டும் அசைக்கிற நாலு பேரும் அன்றைக்கு முதல்முறையாகச் சத்தம் கொடுத்தார்கள். சிரிப்புச் சத்தம்.

முடிந்து வெளியே வரும்போது போதகர் கை குலுக்கினார். "சேவல் நல்லா இருந்துச்சுய்யா. செத்த முந்திட்டிய" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "ஈஸ்டர் வரைக்கும் டயம் தாரேன். அதுக்குப் பொறவு அந்தச் சேவலா நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டேன், ஆனால் திறக்கவில்லை. அப்போது வேலி நானூற்றுப் பதினேழு விரல். சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டாமா என்று யோசித்தேன். எப்படிச் சொல்வது? அத்தனை நாளும் தண்ணீரைத்தான் கொடுத்து வாங்கியிருக்கிறோம். முதன்முதலாகப் பேசுகிற பேச்சே "நிறுத்திக்கொள்கிறேன்" என்றா? பேசாமல் நிறுத்துவது மரியாதை என்று பட்டது. இப்படிப்பட்ட மரியாதைகள் எனக்கு நிறையத் தோன்றும்.

முதல்நாள் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. மேஜையைத் தேய்த்தது, வேட்டியைத் தேய்த்தது. ஏழு மணிக்குப் போனில் ஓர் அறிவிப்பு: உங்கள் கோழி உங்களைத் தேடுகிறது. பதினோரு மணிக்கு: உங்கள் கோழி அழுகிறது. சாயங்காலம் கோழியின் கண்ணீரைப் படமாகவே அனுப்பினார்கள். எங்கள் மில்லில்கூட வராதவனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் மெமோ போகும். இவர்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. நான் கல்லாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை கோழி அழுததைப் பார்க்கவே இல்லை, போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். புதன்கிழமை கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

வியாழக்கிழமை மகள் அவள் அம்மாவின் போனில் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அத்தைய என்ன சொன்னிய?"

"நான் எங்க சொன்னேன்? நாங்கதான் பேசுறதே இல்லையே."

"பின்ன ஏன் தண்ணிய நிப்பாட்டுனிய?"

"எனக்கு வேற வேலை இருக்கு."

"ஒங்களுக்கா?"

பிறகு சொன்னாள். புதன்கிழமை சங்கத்தில் ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்ததும் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே, "என்ன, சம்பந்தி வீட்டுப் பக்கம் வேலி காஞ்சு கெடக்கு?" என்று கேட்டிருக்கிறாள். இன்னொருத்தி, "பொண்ணு வீட்டுல இருந்து வரத்து நின்னுபோச்சு போல" என்றிருக்கிறாள். பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து வருகிறது நின்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்து மகனிடம், "அவிய நம்மள வேண்டாம்னுட்டாவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

"நான் வச்ச கொழம்பத் தொடலப்பா. நேத்துல இருந்து ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில முதுகக் காட்டிக்கிட்டு நிக்கோம். தட்டு வைக்கிற சத்தந்தான் கேக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு கொடம் ஊத்திருங்களேம்பா."

ஒரு குடம்தான். ஊற்றினால் நாளைக்கு இன்னொரு குடம், பிறகு கோழி, பிறகு சேவல். ஊற்றாவிட்டால் அந்த அடுப்படியில் என் மகளின் முதுகு. போனை அரிசிப் பானையிலிருந்து எடுத்து, அரிசி தட்டி, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"செல்லுல ஊத்துனா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். "நேர்ல போயிட்டு வாங்க."

"நீயும் வா."

"ரெண்டு பேரும் போனா பஞ்சாயத்து மாதிரி இருக்கும். நீங்க போயி வாங்கிக் கெட்டிக்கிடுங்க."

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. அந்த வருடத்தின் முதல் சப்பட்டை மாம்பழம் வந்திருந்தது. ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். பதினோரு கிலோமீட்டர் தூரம். பேச வேண்டியதை ஏழு விதமாக யோசித்துவைத்தேன். ஏழும் மோசமாக இருந்தன.

கதவைத் திறந்தது சம்பந்தியம்மாதான். "வாங்க" என்றார். அண்ணே என்று சேர்க்கவில்லை. பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பதினாலு இருக்குமா?"

"பதினஞ்சு."

"ஒண்ணு சின்னதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துவிட்டு வந்தார். ஒரு நாற்காலியைக் காட்டினார். அவர் நின்றார். மகள் அடுப்படியில் இருந்தாள். அவள் முதுகு தெரிந்தது.

"தங்கச்சி, நான் அந்த விளையாட்ட விட்டுட்டேன்" என்றேன்.

"தெரியுதே. ஊருக்கே தெரியுது."

"ஒங்கள வச்சு இல்ல. அது என்ன ஆட்டி வைக்குது."

"எது?"

"கோழி."

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது. சம்பந்தியம்மா அசையவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். முற்றம், தீ, சட்டைப் பை எல்லாம். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"எந்த எடத்துல கூவுச்சு?"

"நாலு வசனத்துக்கு முந்தி."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது மறுபடியும் பழைய முகம்.

"அது சரி. அதுக்காக வேலியக் காயப்போட்டுருவியளா? ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குப் போகணும். பதினொரு பேரு கேப்பாளுவ. என்ன சொல்லட்டும்? அவிய சட்டப்பையில சேவல் கூவுச்சுன்னா?"

அவர் எதிரே உட்கார்ந்தார்.

"மொத நாளு தண்ணி அனுப்புனப்ப, நீங்க திருப்பி அனுப்புவியன்னு நான் நெனைக்கல. அனுப்புனிய. மறுநாளும் அனுப்புனிய. காச்சல்ல கெடந்திய, அன்னைக்கும் வந்துச்சு. ஒங்க மக சொல்லித்தான் காச்சல்னே தெரியும். வாயால பேசுனா ஒங்களுக்கும் எனக்கும் ஆகாது. தண்ணியாவது போய்வருதேன்னு இருந்தேன். அதையும் சொல்லாமக் கொள்ளாம நிப்பாட்டுனா?"

"பேசுனா ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"நீங்க எண்ணுவிய."

"நீங்க எண்ணலையா? பையத் தூக்குன ஒடனே மாம்பழத்த எண்ணுனிய."

"நான் மாம்பழத்த எண்ணுனேன். நீங்க மனுசர எண்ணுனிய." அவர் கண்ணில் சத்துணவுக்கூடம் வந்தது. "சரி, எண்ணுனதுதான் எண்ணுனிய, சரியா எண்ணுனியளா? நாங்க வந்தது முந்நூத்தம்பது."

"முந்நூத்தி எம்பத்தாறு."

"அதுல கைப்பிள்ளைக முப்பத்தாறு. சத்துணவுல கைப்பிள்ளைய எண்ண மாட்டோம்."

"கைப்பிள்ளைக்கும் எலை போட்டேன், தங்கச்சி!"

"ஒங்கள யாரு போடச் சொன்னா?"

அங்கே சண்டை பிடித்தது. முந்நூறு சொல்லிவிட்டு முந்நூற்றைம்பது வரலாமா என்றேன். முந்நூறு என்றால் முந்நூற்றைம்பதுக்கு உலை வைக்கத் தெரியாத வீடும் ஒரு வீடா என்றார். இடுப்பில் இருக்கிற பிள்ளை எத்தனை வயதிலிருந்து ஆள் என்பதில் மட்டும் கால் மணி நேரம் போனது. எட்டு மாதமும் அதற்கு மேல் ஒரு வருடமும் அடக்கி வைத்த பேச்சு. மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஆறிய காபியைக் குடிக்கும்போதுதான் ஒருவருக்கொருவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "வயல என்ன செய்யப் போறிய?"

"எந்த வயல?"

"ஒங்க வயலத்தான். கத்தரி முத்திக் கெடக்கு, பாக்க முடியல. எங்கிட்ட குத்தகைக்கு விட்டுருங்க, அண்ணே."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மகனின் பழைய போன் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதில் என் வயலை ஏற்றிக்கொள்வார். என் குடத்தை அவரே தனக்கு ஊற்றிக்கொள்வார், அவர் குடத்தை என் வயலுக்கு ஊற்றுவார். "வேலி வளரும். சங்கத்துக்கு வேலிதான் தெரியும். ஊத்துனது யாருன்னா தெரியப்போகுது?"

ஒருவர் வருகை அட்டையை இன்னொருவர் கடிகாரத்தில் அடிப்பது எங்கள் மில்லில் திருட்டுக்குச் சமம். நண்பனுக்காக அடிப்பார்கள், கொழுந்தனுக்காக அடிப்பார்கள். என் சர்வீஸில் ஒன்பது பேரைப் பிடித்து மெமோ கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"இது மில்லு இல்ல, அண்ணே. கத்தரிக்கா."

மகள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். நான் கடவுச்சொல்லைச் சொன்னேன். மகளே பழைய போனை எடுத்து ஏற்றிக் கொடுத்தாள்.

"மகசூல்ல பாதி ஒங்களுக்கு" என்றார் சம்பந்தியம்மா.

"அத வச்சு நான் என்ன செய்ய?"

"கணக்குக் கேட்டுக்கிடுங்க. சனிக்கெழம சனிக்கெழம சொல்லுதேன்."

அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன். மகள் வைத்த குழம்பு. சம்பந்தியம்மா இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலி இரண்டு விரல் முளைத்துவிட்டது. இடையில் காய்ந்ததற்குக் காரணம், எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்று அவர் சங்கத்தில் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றைக்கும் எனக்குத் தெரியாத பெண்கள் என் கண்ணை விசாரிக்கிறார்கள். எந்தக் கண் என்று அவர் சொல்லவில்லை. அதனால் பொதுவாகச் சிமிட்டிவைக்கிறேன்.

என் போனிலிருந்து விளையாட்டை அழித்துவிட்டேன். மகள்தான் எப்படி அழிப்பது என்று காட்டினாள். நிஜமாகவே விட்டுப் போகிறீர்களா என்று அது இரண்டு முறை கேட்டது. ஓய்வுபெற்றபோது மில்லில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஐந்தரைக்கு இன்னும் விழிப்பு வருகிறது. குழாய் வருகிற நாளில் அதற்கு உபயோகம் உண்டு. மற்ற நாலு நாள் படுத்துக்கொண்டே கூரையில் பல்லி எண்ணுகிறேன்.

சனிக்கிழமைகளில் சம்பந்தியம்மா கூப்பிடுவார். இத்தனை கத்தரி, இத்தனை வெங்காயம், இத்தனை முட்டை. எனக்கு வேண்டாம் என்பேன். சொல்லுவார். போன வாரத்தைவிட வெங்காயம் ஏன் குறைந்தது என்று கேட்பேன். நீங்கள் போட்ட விதை அப்படி என்பார். இந்த இடத்தில் மனைவி போனைப் பிடுங்கிக்கொள்வாள். "மதினி, இவிய கெடக்காவ, சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடம். ஒருமுறை ஐம்பத்திரண்டு.

சித்திரை கடைசியில் ஒரு சனிக்கிழமை, கணக்கை நேரிலேயே சொல்கிறேன் என்று மகளையும் அழைத்துக்கொண்டு சம்பந்தியம்மா ராஜபாளையத்துக்கு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக. மனைவி மீன்குழம்பு வைத்தாள். பத்து மணிக்கு வந்தவர் நாலு மணிவரை இருந்தார். போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கணக்கும் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் சாப்பிட வந்தவரிடம் கேட்கக்கூடாது என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பஸ் ஏற்றிவிடப் போனோம். வண்டி வந்து நின்றது. மகள் ஏறி இடம் போட்டாள். சம்பந்தியம்மா படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். காலையில இருந்து வாய்க்குள்ளயே கெடக்கு. ஒங்க கோழியில ரெண்டு ஓடிப்போச்சு."

"ஓடிப்போச்சா? யாரு கூட மதினி?" என்றாள் என் மனைவி.

"நீங்க முன்ன பட்டினி போட்டதுக, இப்ப நானும் தீவனம் வைக்கல. புதன்கெழம நானும் ஒங்க மகளும் சிவகாசிக்குப் படத்துக்குப் போயிட்டோம். என் மகங்கிட்டகூடச் சொல்லல. வர ராத்திரியாயிருச்சு, அப்படியே படுத்துட்டோம்."

"அப்ப தண்ணி?" என்றேன்.

"அதுவும் ஊத்தல. வேலி காஞ்சுபோச்சு."

"ஐயய்யோ. சங்கத்துல கேக்கலையா?"

"கேட்டாளுவ. சனிக்கெழம அவிய வீட்டுல எனக்கு மீன்கொழம்பு, வேலியில என்ன இருக்குன்னுட்டேன்."

நடத்துநர் விசில் ஊதினார். சம்பந்தியம்மா ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் அவர் காதில் என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டி நகர்ந்தது. நான் ஜன்னலோடு கூடவே நாலு எட்டு நடந்தேன்.

"தங்கச்சி, எந்த ரெண்டு?"

"வெள்ளையும் அந்தக் கொண்டைக்காரியும்!"

கொண்டைக்காரி தினம் இரண்டு முட்டை வைக்கிற கோழி. வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, சாப்பாடு செமிக்கலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.